பலோம்பேயில் மூன்று பசிக்காலங்கள்

2014 டிசம்பர் இறுதியில், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு விடியற்காலை, என் வாடகை வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த பெண், தோளில் மண்வெட்டியும் முதுகில் சிடென்ஜே துணியால் கட்டிய கைக்குழந்தையுமாகப் புறப்பட்டுப் போவதைப் பார்த்தேன். அவருடைய ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. பிந்தி வந்த மழையில் முளைத்த மக்காச்சோளம் கணுக்கால் உயரத்தில் நிற்க, களை அதை மூடிக்கொண்டிருந்தது. அவரோ அந்த நிலத்தைக் கடந்து, இரண்டு மைல் தள்ளியிருந்த வசதியான ஒருவரின் நிலத்துக்குக் களையெடுக்கப் போனார். நம் நிலத்தில் இவ்வளவு களை இருக்கும்போது அங்கே ஏன் போகிறீர்கள் என்று உடன் பணியாற்றிய உள்ளூர் ஊழியர் மூலம் மாலையில் கேட்டேன். "இந்தக் களையை எடுத்தால் ஏப்ரலில் சோறு. அந்தக் களையை எடுத்தால் இன்று ராத்திரி சோறு" என்றார். அடுத்த மூன்று ஆண்டுகள் நான் அங்கே கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது. அன்று அது எனக்குப் புரியவில்லை.

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரி. தந்தை இறந்தபின் தாயின் கூலியில் வளர்ந்தவள். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் பதினோரு ஆண்டுகள் களப்பணி செய்த அனுபவத்தைக் கொண்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக 2014 நவம்பரில் மலாவி நாட்டின் தெற்கே உள்ள பலோம்பே மாவட்டத்துக்குச் சென்றேன். முலான்ஜே மலைக்கும் சில்வா ஏரிக்கும் நடுவே விரிந்து கிடக்கும் சமவெளி அது. மழை நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் முடிய ஒரே ஒரு பருவம். அதை நம்பி ஒரே ஒரு மக்காச்சோளப் போகம். அதை இடித்தும் அரைத்தும் மாவாக்கி, நம் களியைப் போலக் கிண்டும் ந்சீமாதான் உணவு. கீரையோ பயறோ கருவாட்டுப் பொடியோ அதற்குத் தொடுகறி. வேறு எதைத் தின்றாலும் ந்சீமா இல்லாத நாளை அவர்கள் சாப்பிட்ட நாளாகக் கணக்கில் வைப்பதில்லை. நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று பெண்ணின் தலைமையில் நடக்கிறது.

பெண் தலைமை என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடும் இந்தக் குடும்பங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தெற்கு மலாவியின் லோம்வே, யாவோ, மங்கான்ஜா மக்களிடையே நிலம் தாய்வழியில் இறங்குகிறது. நம் குமரிப் பகுதியின் பழைய மருமக்கள்தாயத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். திருமணமானால் ஆண்தான் பெண்ணின் ஊருக்கு வந்து குடியேறுகிறான். மணமுறிவு நேர்ந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறவனும் அவன்தான்; நிலமும் வீடும் பிள்ளைகளும் அவளோடு தங்குகின்றன. ஆகவே, கணவன் போனபின்னும் காலடி மண்ணாவது மிஞ்சும் என்ற உறுதி அந்தப் பெண்களுக்கு இருந்தது. கணவனின் ஊருக்கு வாழப்போய், அவன் இறந்ததும் மாமியார் வீட்டார் பானை முதல் கூரைத் தகரம் வரை அள்ளிக்கொள்ள, வெறுங்கையோடு பிறந்த ஊர் திரும்பிய இருவரை நான் அறிவேன். அப்படிப் பறிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2011-இலேயே இயற்றப்பட்டிருந்தது. ஆனால் அந்த இருவருக்கும் அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. இவர்களைத் தவிர, தென்னாப்பிரிக்காவுக்கு வேலை தேடிப்போன கணவன் உயிரோடிருந்தும் ஆண்டுக்கணக்கில் பணமோ செய்தியோ வராத பெண்கள் இருந்தார்கள். பதிவேட்டில் இவர்கள் மணமானவர்கள் என்றே இருந்ததால், உதவிப் பட்டியல்களில் இவர்களின் பெயர்தான் முதலில் விடுபட்டது. பட்டியல் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: கணவர் இருக்கிறாரா என்று கேட்காதீர்கள், போன மழைக்காலத்தில் இந்த நிலத்தில் யார் யார் மண்வெட்டி பிடித்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்த நிலத்துக்குக் கூலிவேலைக்குப் போவதற்குச் சிச்சேவா மொழியில் கன்யு என்று பெயர். ஏப்ரல், மே மாதங்களில் அறுவடையாகும் தானியம் ஏழைக் குடும்பங்களில் நவம்பருக்குள் தீர்ந்துவிடும். பலருக்கு ஆகஸ்டிலேயே குதிர் காலி. டிசம்பர் முதல் மார்ச் வரை, அதாவது புதுக் கதிர் வரும்வரை, பசிக்காலம். நிலத்துக்கு உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் காலமும் அதுவே. விதைத்த பின் முதல் சில வாரங்களில் களையெடுக்காவிட்டால் மக்காச்சோளம் எழும்பாது. நேரத்தில் உரமிட்டு மண் அணைக்காவிட்டால் கதிர் பிடிக்காது. அந்த வாரங்களில்தான் வசதியானவர்களுக்கும் ஆள் தேவை. ஆகவே, வீட்டில் மாவில்லாத பெண் தன் நிலத்தின் களையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு வாளித் தானியத்துக்கோ அதற்கும் குறைவான மாவுக்கோ பிறர் நிலத்துக்குப் போகிறாள். அவர்களின் விளைச்சல் கூடுகிறது, இவளுடையது குறைகிறது. குறைந்த விளைச்சல் இன்னும் முன்னதாகத் தீர்ந்துபோக, மறு ஆண்டு அவள் இன்னும் அதிக நாள் கன்யுவுக்குப் போக வேண்டியிருக்கிறது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒருவர் கூலிக்குப் போனால் மற்றவர் சொந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றைப் பெண்ணுக்கு அந்தப் பிரிவினை இல்லை. பெண் தலைமைக் குடும்பம் ஏன் கூடுதல் ஏழையாகிறது என்பதற்கு நான் நேரில் கண்ட முதல் காரணம் இதுவே. சில பெண்கள் எல்லை தாண்டி மொசாம்பிக் பக்கம் கூலிக்குப் போய், ஒரு வாரம் கழித்துத் தலைச்சுமையோடு திரும்புவார்கள். அந்த வாரத்தில் பத்து வயதுப் பெண்பிள்ளைதான் வீட்டுத் தலைவி.

இதை அறியாமல் நாங்கள் முதல் ஆண்டில் செய்ததை எழுதியாக வேண்டும். உயர்த்திப் பிடித்த மண் பாருக்குப் பார் 75 சென்டிமீட்டர், குழிக்குக் குழி 25 சென்டிமீட்டர், குழிக்கு ஒரே விதை என்று அந்நாட்டில் பரவலாகச் சொல்லித்தரும் நடவு முறையையும், உரத்தை அளந்து வைப்பதையும், ஜனவரி மாதத்தில் வாரம் இரு காலைப் பொழுதுகள் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்திருந்தோம். இருபத்தைந்து பேர் வரவேண்டிய இடத்தில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்; அவர்களும் கொஞ்சம் வசதி உள்ளவர்கள். மாத அறிக்கையில் நான் "பங்கேற்பாளர்களிடம் ஆர்வம் குறைவு" என்று எழுதினேன். அந்தச் சொற்களை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். ஒரு காலைப் பொழுதை எங்களுக்குக் கொடுத்தால் அன்றிரவு பிள்ளைகளுக்கு உணவில்லை என்ற நிலையில் இருந்தவர்களைப் பற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நான் எழுதிய வரி அது. மறு ஆண்டு பயிற்சியைச் செப்டம்பருக்கு மாற்றினோம். பார் பிடிக்கும் வேலை தொடங்கும் நேரம் அது. கற்றதை அன்றே தன் நிலத்தில் செய்து பார்க்கலாம். வருகை தானாகக் கூடியது.

ஆனால் அறிவுரையின் மாதத்தை மாற்றியதால் பசியின் மாதம் மாறிவிடாது. பெண்களே யோசித்துச் செய்த ஏற்பாடு ஒன்றுதான் அதைக் கொஞ்சமாவது தொட்டது. அறுவடை முடிந்த கையோடு குழுவின் ஒவ்வொருவரும் இரண்டு வாளி மக்காச்சோளத்தைப் பொதுவில் போடுவது. அதை ஒரே அறையில் பூட்டி வைத்து, டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி இறுதிவரை, களையெடுக்கும் வாரங்களில் மட்டும், வாரம் இவ்வளவு என்று அளந்து திருப்பித் தருவது. அவரவர் தானியத்தை அவரவரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். "வீட்டில் இருந்தால் மச்சினன் வருவான், சாவு வீடு வரும், உப்பு தீரும். அதுவரை தங்காது" என்றார் குழுவின் மூத்த பெண். உறவினர் கேட்டால் மறுக்க முடியாத ஊரில், "அது என்னிடம் இல்லை, குழுவிடம் இருக்கிறது" என்று சொல்ல முடிவது ஒரு பெரிய பாதுகாப்பு. அஞ்சறைப் பெட்டியில் சிறுவாடு சேர்த்த நம் தாய்மாருக்கு இது புதிதல்ல.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில நுணுக்கங்கள் உதவும். தானியத்தைக் கல்லும் தூசியும் போகப் புடைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் ஒரு கைப்பிடி தானியத்தோடு உலர்ந்த உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்துப் பார்க்கலாம். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் தானியத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒட்டு ரக மக்காச்சோளம் விளைச்சல் கூடுதலாகத் தந்தாலும் அதன் மணி மென்மையானது. வண்டு சீக்கிரம் துளைக்கும். பாட்டன் காலத்து நாட்டு ரகத்தின் மணி கடினம். இடித்தால் மாவும் கூடுதலாகத் தேறும். எனவே விற்பதற்கும் முதலில் தின்பதற்கும் ஒட்டு ரகம், பசிக்காலத்துக்கு நாட்டு ரகம் என்று பெண்கள் பிரித்து வைத்தார்கள். காற்றுப் புகாத உள்ளுறை கொண்ட சாக்குகளை வாங்க முடிந்தபோது வண்டுச் சேதம் வெகுவாகக் குறைந்தது. அந்தச் சாக்கை வாரந்தோறும் திறந்தால் பயனில்லை என்பதால், ஒரு வாரத்தில் ஒரே சாக்கை மட்டும் திறப்பது என்ற வழக்கமும் வந்தது. பொதுவில் போட இரண்டு வாளி இல்லாதவர்கள் ஒரு வாளி போட்டார்கள். அதுவும் இல்லாத இரண்டு பேருக்கு, சாக்கு சுமப்பதையும் காயவைப்பதையும் பங்காக ஏற்றுக்கொண்டார்கள். அந்த இருவரைச் சேர்த்துக்கொள்ளும் முடிவை எடுக்க நான்கு கூட்டங்கள் ஆயின, காரசாரமான கூட்டங்கள்.

பணத்தில் இதற்கு இணையானது பாங்கி ம்கோன்டே. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "திண்ணை வங்கி". 1991-இல் நைஜர் நாட்டில் தொடங்கிய கிராமச் சேமிப்பு முறையின் ஒரு வடிவம் இது. பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் வரை சேர்ந்து, வாரந்தோறும் தங்களால் முடிந்த பங்குகளை வாங்குகிறார்கள். ஒவ்வொரு பங்குக்கும் கைப்புத்தகத்தில் ஒரு முத்திரை. சேர்ந்த தொகையிலிருந்து உறுப்பினர்களே வட்டிக்குக் கடன் எடுக்கிறார்கள். ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் பங்குக்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று வீட்டில். பெட்டி நான்காவது வீட்டில். கூட்டம் முடியுமுன் பெட்டியில் உள்ள இருப்பை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொள்வார்கள். அடுத்த வாரம் பெட்டியைத் திறக்குமுன் மறுபடியும் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரை எழுத்தறிந்தவர் ஏமாற்ற முடியாமல் செய்த ஏற்பாடு அது. நம் குழுக்களில் கணக்கெழுதும் ஒருவரை நம்பி மற்றவர்கள் கைநாட்டு வைத்துப் பின்னால் கண்ணீர் விட்ட கதைகளை அறிந்தவள் என்பதால், இந்த வழக்கத்தை இங்கே திரும்பி வந்தபின் இரண்டு ஊர்களில் அறிமுகப்படுத்தினேன்.

இதிலும் சிக்கல் எப்போது என்பதில்தான் இருந்தது. எங்கள் நிறுவனத்தின் நிதியாண்டுக்கு வசதியாக, பங்கு பிரிப்பை ஜூலையில் வைக்க வேண்டும் என்று தலைமையிலிருந்து சொன்னார்கள். ஜூலையில் எல்லோரிடமும் தானியம் இருக்கும். கையில் வரும் பணம் துணியாகவும் திருமணச் செலவாகவும் போகும். உரமும் விதையும் வாங்க வேண்டியது அக்டோபர், நவம்பரில். அப்போது பணமில்லாவிட்டால் கட்டாபிலா என்னும் கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டும்; ஒன்றுக்கு ஒன்றரை, சில நேரம் ஒன்றுக்கு இரண்டு என்று அறுவடையில் கொடுக்க வேண்டும். பெண்கள் நவம்பர் முதல் வாரம் என்றார்கள். எங்கள் பக்கத்துக் கடிதப் போக்குவரத்து முடிவதற்குள் அவர்களே நவம்பரில் பிரித்துவிட்டார்கள். அவர்கள் செய்ததே சரி. அந்தப் பணத்தில் பாதியை உடனே கொடுத்து, மீதியை டிசம்பரில் கொடுத்தது ஒரு குழு. விலை உயரும் மாதத்தில் மாவு வாங்க அது உதவியது. மே மாதத்தில் விற்கும் அதே மூட்டை மக்காச்சோளத்தை ஜனவரியில் திரும்ப வாங்க இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நாள் குறிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

மிக ஏழைகள் இந்தத் திண்ணைக்கு எளிதில் ஏறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் ஒரு பங்காவது வாங்கியே தீர வேண்டும் என்ற விதி அவர்களை வெளியே நிறுத்தியது. பங்கின் மதிப்பைக் குறைத்து, மழைக்காலத்தில் பங்கு வாங்காமலும் கூட்டத்துக்கு வரலாம் என்று விதியைத் தளர்த்திய குழுக்களில் அவர்கள் தங்கினார்கள். இன்னொன்று நான் எதிர்பாராதது: சோப்பு. பல வாரம் வராமலிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனபோது, உடுத்தியிருந்த துணியைத் துவைக்கச் சோப்பில்லை, அதனால்தான் வரவில்லை என்றார். அழுக்குத் துணியோடு மற்றவர்களுக்கு நடுவே உட்கார அவருக்கு மனமில்லை. என் தாயும் அப்படித்தான் இருந்தார். ஒற்றைச் சேலையை ஆற்றில் துவைத்துக் காயும்வரை மறைவில் நின்றவர். அதன்பின் எந்தக் குழுவிலும் யாராவது வரவில்லை என்றால், கடனைப் பற்றிக் கேட்குமுன் வீட்டில் சோப்பும் உப்பும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். குழுவின் அவசர நிதியிலிருந்து இவற்றையும் வாங்கலாம் என்று பின்னர் முடிவானது.

2015 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. நாட்டின் பாதி மாவட்டங்கள் பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பலோம்பேயில் பயிரோடு மேல்மண்ணும் போயிற்று. அடுத்த மழைக்காலத்தில் எல் நினோ வறட்சி. 2016 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் பேரிடர் அறிவிப்பு. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. இந்த இரண்டு ஆண்டுகளில்தான் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்த்தேன். முதலில் மூன்று வேளை இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அந்த ஒன்றிலும் தாய் கடைசியாக, பாத்திரத்தைச் சுரண்டி உண்பாள். வெள்ளை மாவுக்குப் பதில் தவிட்டோடு அரைத்த மாவு. பிறகு கோழிக்கும் பன்றிக்கும் போடும் தவிடு மட்டும். மாங்காய் காய்க்கும் மாதங்களில் பச்சை மாங்காயை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். மழை தொடங்கிச் சில வாரங்களில் பூசணிக் கொழுந்து கிடைக்கும். அதை நிலக்கடலைப் பொடி சேர்த்துச் சமைத்தால் பிள்ளைகள் முகம் தெளியும். ஒன்றிரண்டு பிள்ளைகள் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். கோழி விற்கப்படும், பிறகு ஆடு.

இவற்றில் மறு ஆண்டைத் தின்னாத வழிகளும் உண்டு, தின்றுவிடும் வழிகளும் உண்டு. தவிட்டு மாவு துன்பம்தான். ஆனால் மழை வந்தால் மீளலாம். விதைக்கு வைத்த தானியத்தை அவித்துத் தின்பது, காயாத கதிரை நிலத்திலேயே முன்விலைக்கு விற்பது, மண்வெட்டியை விற்பது, பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் திருமணம் செய்து கொடுப்பது ஆகியவற்றிலிருந்து மீள்வது அரிது. எங்கள் உதவி யாருக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவெடுக்க, யார் அதிக ஏழை என்ற கேள்வியை விட்டுவிட்டு, யார் இந்த இரண்டாம் வகையின் வாசலில் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினோம். குழுவின் பெண்களுக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எந்த வீட்டில் உலக்கைச் சத்தம் நின்று எத்தனை நாள் ஆயிற்று என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியும்.

பேத்தியை அப்படி மணமுடித்து அனுப்ப இருந்த ஒரு பாட்டியை, அங்கே அகோகோ என்று அழைப்பார்கள், நான் மறக்க முடியாது. அவருடைய இரு மகள்களும் ஒரு மகனும் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்கள். அரசு இலவசமாக மருந்து தரத் தொடங்கியது 2004-இல். அவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். நான்கு பேரப்பிள்ளைகளோடு அறுபத்தைந்து வயதில் மண்வெட்டி பிடித்தார். பதினான்கு வயது மூத்த பேத்திக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தபோது, ஒரு வயிறு குறையும் என்பதைத் தவிர அவர் மனதில் வேறு கணக்கு இருக்கவில்லை. திருமண வயது 18 என்று 2015-இல் சட்டம் வந்தது, 2017-இல் அரசியலமைப்பும் திருத்தப்பட்டது. ஆனால் அந்த வீட்டில் திருமணத்தை நிறுத்தியது ஊர்த் தலைவியான பெண்ணின் கண்டிப்பும், பள்ளியில் காலையில் கொடுத்த சோயா கலந்த கஞ்சியும்தான். பள்ளிக்குப் போனால் ஒரு வேளை வயிறு நிறையும் என்றதும் அகோகோவின் கணக்கு மாறியது. சட்டத்தையும் கஞ்சியையும் சேர்த்துக் கொண்டுபோகாதவர்கள் அந்த வாசலில் வெறும் உபதேசம் செய்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மலாவியில் அந்த அகோகோவைப் போன்றவர்களுக்கென்றே ஓர் அரசுத் திட்டம் உண்டு. வீட்டைத் தூக்கி நிறுத்துவது என்ற பொருளில் ம்டுகுலா பாகோமோ என்கிறார்கள். 2006-இல் ம்சின்ஜி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் விரிந்தது. மிக வறிய, உழைக்கும் கை குறைந்த குடும்பங்களுக்கு, மாவட்டத்தின் பத்து விழுக்காடு என்ற வரம்புக்குள், நான் இருந்த காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் தந்தார்கள். தொகை சிறியது. ஆனாலும், டிசம்பரில் அது கையில் வந்த வீடுகளில் பெண்கள் கன்யுவுக்குப் போகும் நாட்கள் குறைந்து, தங்கள் நிலத்தில் நிற்பதைப் பார்த்தேன். பணம் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று நம் ஊரிலும் சொல்வார்கள். நான் கண்டது, அந்தப் பணம் ஒரு பெண்ணின் உழைப்பை அவளுடைய நிலத்துக்கே மீட்டுக் கொடுத்ததைத்தான். பத்து விழுக்காட்டுக்கு அடுத்த படியில் நின்ற குடும்பங்களின் நிலை பட்டியலில் உள்ளவர்களுடையதிலிருந்து அதிகம் மாறுபட்டதில்லை என்பது மட்டும் எனக்கு இன்றுவரை நெருடுகிறது.

துவரையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அங்கே அதற்கு நன்டோலோ என்று பெயர். மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராக விதைத்தால், சோளம் அறுத்தபின் எஞ்சிய ஈரத்தில் வளர்ந்து ஜூலை முதல் காய் தரும். தழை உதிர்ந்து மண்ணுக்கு உரமாகும். துவரைமார் அடுப்பெரிக்க உதவுவதால் விறகுக்காக மலையேறும் நாட்கள் குறையும். தனியொரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பயிரை நான் அறியேன்: தனியாகக் களையெடுக்க வேண்டியதில்லை, சோளம் பொய்த்தாலும் இது கொஞ்சம் நிற்கும், விற்றால் உடனே பணம். அந்தப் பணத்துக்குப் பின்னால் இருந்தது இந்தியாவின் சாம்பார்ச் சட்டி. 2016-இல் நல்ல விலை கிடைத்ததால் பலர் கூடுதலாக விதைத்தார்கள். அந்த ஆண்டு இந்தியாவிலேயே துவரை மிகுதியாக விளைந்து விலை சரிய, 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு வந்தது. நம் உழவர்களுக்கு அது தேவையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் பலோம்பேயில் மூட்டையோடு சந்தைக்குப் போன பெண்கள் கேட்ட விலை கூலிக்கும் கட்டவில்லை. என் அடுத்த வீட்டு அமாயி, அம்மா என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், "உங்கள் ஊரில் இப்போது பருப்பு சாப்பிடுவதில்லையா?" என்று என்னிடமே கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆண்டுக்கு 50,000 டன் மலாவித் துவரையை வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம் 2021-இல் ஏற்பட்டதாகப் படித்தபோது, முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஏற்றுமதியை நம்பிப் பயிரிடச் சொல்கிறவர்கள், விற்காவிட்டாலும் வீட்டில் தின்னக்கூடிய பயிரைத்தான் சொல்ல வேண்டும் என்பதை அந்த ஆண்டு கற்றேன். அந்த ஆண்டு பலோம்பே வீடுகளில் ந்சீமாவுக்குத் துவரைதான் தொடுகறி.

2017 நவம்பரில், முதல் மழைக்குக் காத்திருந்த நாட்களில் ஊர் திரும்பினேன். உடன் பணியாற்றியவர் வழியாக அவ்வப்போது செய்தி வந்துகொண்டிருந்தது. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல், ஆறு மாத மழையை ஆறு நாளில் தெற்கு மலாவியில் கொட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். பலோம்பேயில் மலையிலிருந்து பாறையும் சேறும் இறங்கின. பத்து நாள் கழித்துத்தான் அடுத்த வீட்டு அமாயியோடு தொலைபேசியில் பேச முடிந்தது. சுவர் விழுந்துவிட்டது, பிள்ளைகள் பிழைத்தார்கள், அறுவடைக்கு நின்ற சோளம் மண்ணுக்குள் போய்விட்டது என்றார். என்ன அனுப்பட்டும் என்று கேட்டேன். துணி, பாத்திரம், பணம் என்று நானே அடுக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓடையோரத்து டிம்பாத் தோட்டத்தில் ஈரம் இன்னும் ஆறு வாரம் நிற்கும், ஏப்ரல் முடிவதற்குள் சர்க்கரைவள்ளிக் கொடி ஒரு கட்டு கிடைக்குமா என்று கேட்டார்.